கலைச்சொல்: உடன்பாடு ‘மீறப்பட்டதா’, ‘பொய்த்ததா’?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் குற்றவியல் சட்டச் சொற்பட்டியலில், ‘பிளீ அக்ரிமெண்ட்’ (சலுகைக்குப் பதிலாகக் குற்றத்தை ஏற்றுக்கொள்வதாக அரசு வழக்கறிஞரோடு செய்துகொள்ளும் உடன்பாடு) முறிந்துபோவதைக் குறிக்க ‘ஒப்பந்த மீறல்’ ஒன்றே போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த உடன்பாட்டின் பெயர். ‘மனு பேரம்’ வேண்டாம், அங்கே மனுவே கிடையாது. ‘ஒப்புதல் உடன்பாடு’ என்றால் போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம்தான் நம் காதில் விழும். இது வேறு: நீதிபதி முன் நின்று குற்றத்தை ஏற்றுக்கொண்டு, விசாரணை கேட்கும் உரிமையையே விட்டுக்கொடுப்பது. அதனால் ‘குற்றமேற்பு உடன்பாடு’ என்கிறேன். 2012-ல் ஃப்ரை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி கூட்டரசுத் (ஃபெடரல், அதாவது மத்திய அரசு) தண்டனைத் தீர்ப்புகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் இப்படிக் குற்றமேற்று வந்தவைதான். இவ்வளவு பேரைத் தொடும் விஷயத்துக்குச் சொல் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு தண்டனைகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்கு ‘ஏககாலத் தண்டனை’ இருக்கட்டும். ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதி எழுதிப் பழகிவிட்டது. ஆனால் அதற்கு எதிராக, ஒன்று முடிந்தபின் மற்றது தொடங்குவதற்கு ‘தொடர் தண்டனை’ சரிவராது, விடாமல் தண்டிப்பது போல ஒலிக்கிறது. ‘பின்தொடர் தண்டனை’ பரவாயில்லை.

சரி, இப்போது முறிவுக்கு வருகிறேன். நீதிமன்றத் தீர்ப்புகளைப் பார்த்தால் இதில் இரண்டு வகை இருக்கிறது. 1971-ல் நியூயார்க்கில் இருந்து வந்த சான்டொபெல்லோ வழக்கில், எந்தத் தண்டனையும் பரிந்துரைக்க மாட்டோம் என்று அரசு வழக்கறிஞர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் இடத்துக்கு வந்த இன்னொருவர் அதிகபட்சமான ஓராண்டைக் கேட்டார். அந்தப் பரிந்துரை தன்னைப் பாதிக்கவில்லை என்று நீதிபதி சொல்லியும், உச்ச நீதிமன்றம் தண்டனையை நிற்கவிடவில்லை. வாக்கை நிறைவேற்று, இல்லையென்றால் குற்றமேற்பைத் திரும்பப் பெற விடு, இரண்டில் ஒன்று என்று கீழே அனுப்பியது. இதுதான் மீறல். காப்பாற்றக்கூடிய வாக்கு, கொடுத்த தரப்பே அதைக் காப்பாற்றவில்லை.

இரண்டாவது வகை எனக்கு இதைவிடக் கொடுமையாகத் தெரிகிறது. ஒருவரை மாநிலப் போலீஸ் முதலில் பிடிக்கிறது என்று வையுங்கள். கூட்டரசு நீதிமன்றம் அவரை ஆணை போட்டு வரவழைத்து, 10 ஆண்டு கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. அது இரவல்தான், முதல் காவல் (முதலில் பிடித்தவருக்கு உள்ள காவல் உரிமை) மாநிலத்திடமே இருக்கிறது. அப்புறம் மாநில அரசு வழக்கறிஞர், குற்றத்தை ஏற்றுக்கொள், 5 ஆண்டு, அதுவும் ஏககாலத்தில் ஓடும் என்கிறார். நீதிபதியும் அப்படியே எழுதுகிறார். இவரும் மாநிலச் சிறையில் உட்கார்ந்து, நாள் இரண்டு கணக்கிலும் கழிகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். வெளியே வரும் நாளில் கூட்டரசுக் காவலர்கள் வந்து அழைத்துப் போகிறார்கள். அங்கே 10 ஆண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது! கூட்டரசுச் சட்டப்படி தண்டனை ஓடத் தொடங்குவது அவர்கள் காவலில் எடுத்துக்கொண்ட நாளில்தான், ஒரு தண்டனையில் கழித்த நாளை இன்னொன்றிலும் கழிக்க முடியாது. மாநில நீதிபதி எழுதியது கூட்டரசைக் கட்டுப்படுத்தாது.

இதில் மாநில நீதிபதி எதை மீறினார்? சொன்னபடியேதான் எழுதினார். ஆனாலும் வாக்கு பலிக்கவில்லை. இதற்குத் தமிழில் கச்சிதமான வினை இருக்கிறது. மழை பொய்த்தது என்கிறோமே, அதேதான். நம்பி விதைத்தவனுக்கு எதிர்பார்த்தது வராமல் போவது. ஆகவே ‘உடன்பாடு பொய்த்தல்’, ‘பொய்த்த உடன்பாடு’. யார் மீதும் பொய் சொன்ன பழியைச் சுமத்தாமலே, இழந்தவன் பக்கம் நின்று பேசுகிற சொல் இது.

‘இவ்வளவு நுணுக்கம் தேவையா’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தேவை ஐயா, ஏனென்றால் பரிகாரமே மாறுகிறது. மீறலுக்கு ‘வாக்கை நிறைவேற்று’ என்று உத்தரவு போடலாம். பொய்த்த உடன்பாட்டில் மாநில நீதிமன்றம் கூட்டரசுக்கு அப்படி உத்தரவு போட முடியாது. குற்றமேற்பைத் திரும்பப் பெறுவது, மாநிலத் தண்டனையைக் குறைப்பது என்று வேறு வழிதான் தேட வேண்டும். 1970-லேயே பிராடி வழக்கில், நிறைவேற்றாத வாக்கு, நிறைவேற்ற முடியாத வாக்கு என்று இரண்டையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்கன்சாவில் 21 ஆண்டு ஏககாலத்தில் என்ற வாய்ப்பைக் கைதி ஏற்கப்போனபோது, அது தவறு, பின்தொடர்தான் என்று அரசு வழக்கறிஞர் மாற்றிவிட்டார். கடைசியில் கைதி அந்த இரண்டாவதையே ஏற்றுக் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், முதல் வாய்ப்பைக் கேட்க உரிமையில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது மீறலும் அல்ல, பொய்த்தலும் அல்ல. ‘வாய்ப்பு விலக்கல்’ என்று வைக்கலாம்.

எனக்குச் சொல் கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. பொய்த்த உடன்பாட்டில் மாட்டியவர், தான் ஏற்கெனவே இருந்த மாநிலச் சிறையையே கூட்டரசுத் தண்டனைக்கான இடமாக முன்தேதியிட்டு ஏற்கும்படி கூட்டரசுச் சிறைத்துறையைக் கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ‘முன்தேதிச் சிறை ஒதுக்கீடு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘ஒதுக்கீடு’ என்றதும் வேறு எங்கோ போகிறது. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.