சிட்னியா, மெல்பர்னா? வேலை நேரம் போக மிஞ்சும் வாழ்க்கை எங்கே நன்றாக அமையும்?

கேள்வி: குடிபெயரும் குடும்பம்

வணக்கம். என் கணவருக்கு அவருடைய நிறுவனம் சிட்னி, மெல்பர்ன் ஆகிய இரு கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. பதவியும் சம்பளமும் ஒன்றுதான். சிட்னியில் வாடகை கூடுதல் என்பது தெரிந்ததால் அதை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறேன். வேலை முடிந்த பிறகு அங்குள்ளவர்களின் பொழுது எப்படிக் கழிகிறது, புதிதாக வருபவர்களுக்கு நட்பு வட்டம் எப்படி அமைகிறது, ஒன்பது வயது மகளோடு வார இறுதிகள் எப்படி இருக்கும் என்பவைதான் என் கேள்விகள். ஒன்று கடற்கரை நகரம், மற்றொன்று காபி நகரம் என்ற பேச்சையே எங்கும் படித்துச் சலித்துவிட்டது. இரண்டு ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: டிராம் பயணி

சிட்னியில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு மெல்பர்னுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஊர்களின் பழக்கவழக்கங்களுக்கும் அடிப்படை அவற்றின் நில அமைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. சிட்னியைத் துறைமுகமும் அதன் கிளைகளான சிறு வளைகுடாக்களும் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மேற்கே பரமட்டாவில் இருப்பவர் மான்லியில் இருக்கும் நண்பரைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் வந்து, சர்குலர் கீயில் இறங்கி, அங்கிருந்து அரை மணி நேரம் படகில் போக வேண்டும். எனவே அங்கே நட்பு பெரும்பாலும் அவரவர் வசிக்கும் பகுதிக்குள்ளேயே வளர்கிறது. ஆனால் அந்தப் படகுப் பயணத்தை நான் இன்றும் மறக்கவில்லை. கோடைக்கால மாலையில் அலுவலக உடையிலேயே படகில் ஏறுபவர்கள், ஓபரா ஹவுஸைத் தாண்டுவதற்குள் காலணிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். வேலை நாளும் விடுமுறையும் ஒரே படகுக்குள் மாறுவதை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

மெல்பர்ன் பெரும்பாலும் சமதளம். சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள டிராம் பாதை, உலகிலேயே மிகப் பெரியது, நகரின் உட்பகுதிகளை இணைக்கிறது. நகர மையத்துக்குள் 2015 முதல் டிராமில் கட்டணமே இல்லை. வேலை முடிந்து ஒருவரைச் சந்திக்க ஒப்புக்கொள்வது இங்கே சிறு விஷயம். காபிக் கடைகள் நிறைந்த டிக்ரேவ்ஸ் தெரு போன்ற குறுகிய சந்துகளில் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தால் பேச்சு நீண்டுகொண்டே போகும். சிட்னிக்காரர்கள் விடியலில் கடலுக்குப் போய்விட்டு இரவு நேரத்தோடு படுக்கப் பார்ப்பார்கள். இங்கே நாளின் கனமான பகுதி மாலைதான். டிசம்பரில் சூரியன் மறைவதும் சிட்னியைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் தாமதம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் குடும்பங்கள் வீடு வாங்கும் டார்னீட், கிரான்போர்ன் போன்ற வெளிப்பகுதிகளுக்கு டிராம் கிடையாது. அங்கே குடியேறினால், நான் மேலே வர்ணித்த மெல்பர்ன் உங்களுக்கு மாதம் ஒருமுறை போய்வரும் ஊராகவே இருக்கும்.

பதில் 2: துறைமுகவாசி

சிட்னியின் இரவு வாழ்க்கை மங்கிப்போனதற்கு மக்களின் இயல்பு மட்டுமே காரணமன்று. 2014-இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டங்களின்படி நகர மையத்திலும் இரவுக் கேளிக்கைப் பகுதியான கிங்ஸ் கிராஸிலும் இரவு ஒன்றரை மணிக்கு மேல் மதுக்கூடங்களுக்குள் புதிதாக எவரும் நுழைய முடியாமல் போயிற்று. நேரடி இசை நிகழ்ந்துகொண்டிருந்த பல இடங்கள் அதனால் நலிந்தன. நகர மையத்தில் அந்தத் தடை 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும்தான் நீங்கியது. ஓர் ஊர் பழைய பழக்கத்துக்குத் திரும்பச் சில ஆண்டுகள் பிடிக்கத்தானே செய்யும்.

நண்பர் சொல்லாமல் விட்ட மற்றொன்று, இங்கே காசு செலவழிக்காமலேயே பிறரோடு பொழுது கழிக்கலாம் என்பது. போண்டை கடற்கரையிலிருந்து கூஜி கடற்கரை வரை பாறை விளிம்பிலேயே செல்லும் ஆறு கிலோமீட்டர் நடைபாதையில் நாங்கள் மூன்று குடும்பங்கள் மாதந்தோறும் நடக்கிறோம். குழந்தைகள் முன்னே ஓட, பெரியவர்கள் பின்னே பேசிக்கொண்டு வருவோம். எங்கள் நட்பு வளர்ந்தது அந்தப் பாதையில்தான், எவர் வீட்டு வரவேற்பறையிலும் அன்று. மழைக்கு அஞ்சி மெல்பர்னைத் தவிர்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி: ஆண்டு மழையளவு சிட்னியில்தான் அதிகம், கிட்டத்தட்ட இரு மடங்கு. அங்கே தூறிக்கொண்டே இருக்கும். இங்கே கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும்.

பதில் 3: இரு பிள்ளைகளின் தாய்

மகளுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தெரிவுமுறை அரசுப் பள்ளிகள் ஏராளம். அவற்றுக்கான தேர்வைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே எழுதுகிறார்கள். மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியாவில் அத்தகைய பள்ளிகள் நான்கே. ஒன்பதாம் வகுப்பில்தான் சேர்க்கை. ஆகவே உங்கள் மகளின் வயதில் சிட்னியில் உள்ள எங்கள் உறவினர் பலரின் சனிக்கிழமைகள் தனிவகுப்புகளுக்கே போய்விடுகின்றன. வகுப்பு முடியும்வரை காருக்குள் காத்திருக்கும் நேரமே பெற்றோர் ஒருவரோடு ஒருவர் கதைக்கும் நேரமாகி விடுகிறது.

மெல்பேர்ணில் அந்த இடத்தைக் கால்பந்து பிடித்திருக்கிறது. தேசிய ஆஸ்திரேலியக் கால்பந்துப் போட்டியின் பதினெட்டு அணிகளில் ஒன்பது இந்த ஒரு நகரத்தைச் சேர்ந்தவை. பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே "நீ எந்த அணி?" என்று என் மகனிடம் கேட்டிருக்கிறார்கள், விடை தெரியாமல் அவன் முகம் வாடி வீட்டுக்கு வந்தது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிரவே பக்கத்து வீட்டுக்காரர் தம் அணியின் பழைய கழுத்துத்துணியை அவன் கழுத்தில் சுற்றிவிட்டார். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பழகுகிறோம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. அலுவலகம் மெல்பர்னில் நகர மையத்திலும் சிட்னியில் வடக்குப் புறநகரான மக்வாரி பார்க்கிலும் இருக்கிறது. இதனால் ஏதேனும் வேறுபாடு உண்டா?

பதில் 4: டிராம் பயணி

நிறைய உண்டு. மக்வாரி பார்க்கில் வேலை என்றால் எப்பிங் பக்கம் குடியேறத் தோன்றும். மெட்ரோவில் சில நிமிடப் பயணம்தான். ஆனால் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளுக்கு எப்பிங்கிலிருந்து நேரடி ரயில் இல்லை. மெல்பர்னில் அலுவலகம் மையத்திலேயே இருப்பதால், எந்த ரயில் பாதையில் குடியிருந்தாலும் மாலைச் சந்திப்புகள் கைகூடும். முடிவெடுக்கும் முன் உங்கள் கணவர் இரண்டு ஊர்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை போய், மாலை ஐந்தரைக்கு அலுவலக வாசலிலிருந்து நீங்கள் குடியேற நினைக்கும் பகுதிவரை ஒருமுறை பயணம் செய்து பார்க்கட்டும்.