புதுப்பிப்பு: துணிக்கடை ஸ்பானிஷ், நான் கேட்டிருந்த கேள்விக்குப் பிறகு

மாட்ரிட் துணிக்கடைகளில் பேச எந்தச் சொற்களை முதலில் கற்பது என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பெயர்ப்பட்டியலை விட்டு முழு வாக்கியங்களைப் பழகச் சொன்னீர்கள். அதுவே சரி.

நேற்று ஒரு சட்டையை எடுத்து, "மே லோ புவேதோ ப்ரோபார்?" (போட்டுப் பார்க்கலாமா?) என்றேன். கடைக்காரப் பெண் புன்னகையோடு "லா" என்று திருத்தினார். சட்டையைக் குறிக்கும் 'கமிசா' பெண்பால்; 'அதை' என்பதற்கு ஆண்பாலில் 'லோ', பெண்பாலில் 'லா', ஆகவே 'மே லா'. கவுனுக்கு, அதாவது 'வெஸ்தீதோ'வுக்கு, 'லோ'. காலணிகளுக்கு, ஆண்பால் பன்மை என்பதால், 'லோஸ்'. பொருளின் பாலோ எண்ணோ மாறினால் வாக்கியமும் மாறுகிறது. இதை எந்த அட்டவணையும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகப் பதியவைத்ததில்லை.

அளவிலும் தடுமாறினேன். துணிக்கு 'தாயா'; காலணிக்கு 'நூமெரோ'. 'மே கேதா கிராந்தே' என்றால் எனக்குப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். மிகவும் பயன்பட்டது இதுதான்.

காலணிக்கு 'தபாத்தோ' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா சொன்ன 'சப்பாத்து' போர்த்துக்கீசியம் வழியே வந்த அதன் உறவுச்சொல். கடையில் நின்றபடியே மனம் நெகிழ்ந்துவிட்டது.

மெக்சிகோ போகிறவர்கள் கவனிக்க: அங்கே மேலங்கிக்கு 'சாக்கேத்தா' வேண்டாம், அது கொச்சையான பொருள் தரும், 'சமார்ரா' என்று சொல்லுங்கள்.

சட்டையை வாங்கிவிட்டேன். 'மே லா யேவோ' (இதை எடுத்துக்கொள்கிறேன்) என்று பிழையின்றிச் சொன்னேன். அடுத்து, தள்ளுபடிக் காலமான 'ரெபாஹாஸ்' தொடங்கும் ஜனவரிக்குள் விலை கேட்கப் பழக வேண்டும்.