மிளகாய்ப் பழ அழுகல்: அசொக்சிஸ்ட்ரோபின் கேட்கவில்லை, பிசிஆரும் வரவில்லை

உரும்பிராயில் அப்பாவின் தோட்டம், செம்பாட்டு மண், இரண்டு பரப்பு மிளகாய். மாசியிலிருந்து, பழம் சிவக்கத் தொடங்கியதும் குழி விழுந்து வளையம் வளையமாகக் கரும்புள்ளி வருகிறது. மூன்று போகமாக அசொக்சிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைக்கொல்லி மட்டுமே அடித்தோம்; அது பிழை என்று இப்போது விளங்குகிறது. இம்முறை அளவைக் கூட்டியும் அழுகல் நிற்கவில்லை.

நான் விவசாயம் படிக்கும் மாணவி. அழுகிய பழத்திலிருந்து கொலட்டோட்ரைக்கம் பூஞ்சையைப் பிரித்து, மருந்து கலந்த வளர்ப்பூடகத்தில் வைத்தேன். நன்றாக வளர்கிறது. இந்த மருந்து பூஞ்சையின் சுவாசத்தைத் தடுப்பது; மாற்றுச் சுவாச வழியால் தப்புகிறதோ என்று, அதைத் தடுக்கும் சாலிசைல்ஹைட்ரொக்சாமிக் அமிலமும் சேர்த்துப் பார்த்தேன். அப்பவும் வளர்கிறது. மருந்து ஒட்டும் புரதத்துக்கான சைற்றோகுரோம் பி மரபணுவில் 143ஆம் இடத்து அமினோ அமிலம் கிளைசினிலிருந்து அலனினாக மாறியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அப்படியென்றால் எவ்வளவு கூட்டி அடித்தாலும் பயனில்லை, அப்பாவின் காசுதான் போகும்.

அதைப் பார்க்க, அந்த மரபணுத் துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் மூன்று தரம் செய்தேன், வெப்பநிலையை மாற்றியும். ஜெல்லில் பட்டை இல்லை, அதாவது எதுவும் பெருகவில்லை. அதே டிஎன்ஏயில் ஐடிஎஸ் பகுதி (பூஞ்சை இனம் காணப் பயன்படும் துண்டு) தெளிவாக வருகிறது. சில பூஞ்சைகளில் இந்த மரபணுவுக்குள் நீண்ட இன்ட்ரோன்கள் (மரபணுச் செய்தியிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டுகள்) உண்டு. அதுதான் இடைஞ்சல் என்று நினைக்கிறேன்.

கொலட்டோட்ரைக்கத்தில் 143ஆம் இடத்தைப் பெருக்க, இன்ட்ரோனில் சிக்காமல் பிரைமர்களை (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) எங்கே வைக்க வேண்டும்?