பிரசங்கம் செய்தவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்

ஒரு கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் பயோமெடிக்கல் டெக்னீஷியன், அதாவது மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். கென்யாவின் மேற்கே, கிப்சிகிஸ் மக்கள் வாழும் தேயிலை மலைகளில் ஒரு மிஷன் மருத்துவமனையில் இரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பக்கம் போமெட் அருகே உள்ள டென்வெக் மருத்துவமனையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1937-ல் தொடங்கியது. நிரந்தரமாக ஒரு டாக்டர் வந்தது 1959-ல்தான். பக்கத்து அருவியிலிருந்து சொந்தமாகவே மின்சாரம் எடுக்கிறார்கள். டாக்டர் எவ்வளவு முக்கியமோ, கரண்டைக் கவனிக்கிற ஆளும் அங்கே அவ்வளவு முக்கியம்.

நான் இருந்த இடத்துக்கு ஓர் அமெரிக்கத் தம்பதி வந்தார்கள். பல வருடம் கிராமங்களில் பைபிள் வகுப்பு எடுத்தவர்கள். அந்த வேலையை உள்ளூர் போதகர்களே ஏற்று நடத்த ஆரம்பித்ததும், "உங்களுக்கு என்ன ஆள் தேவை?" என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். ஸ்டோருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஆள் இல்லை என்று பதில் வந்தது. சரி என்று வந்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தன்னைவிட இருபது வயது இளைய கென்ய ஃபுண்டியிடம் (மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வேலை கற்றுக்கொண்டார். முதலில் கற்றது லேபிளைப் படிக்க. அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வரும் கருவிகள் பெரும்பாலும் 120 வோல்ட். கென்யாவில் 240, கிட்டத்தட்ட நம்மூர் மாதிரி. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் புகைதான் வரும்.

ஒரு நாள் ராத்திரி நிமோனியாவோடு ஒரு குழந்தை வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கருவி 81 சதவீதம்தான் காட்டியது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினை அந்த அமெரிக்கர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் பாட்டி குழந்தையின் மூக்கில் குழாயை வைக்க விடவில்லை. சாகப் போகிறவர்களுக்குத்தான் அது என்ற பயம். அந்தப் பயத்தை வேறு வார்டுகளிலும் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு ஸ்வாஹிலி அவ்வளவாகத் தெரியாது. டியூட்டி நர்ஸ் வேறு ஊர்க்காரர்.

அமெரிக்கரின் மனைவி ஓடி வந்தார். "சம்கெய்" என்று கிப்சிகிஸ் மொழியில் வணக்கம் சொல்லி, பாட்டி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அப்புறம் ஒரு புதுக் குழாயை எடுத்துத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு, பாட்டியின் கையைப் பிடித்து அந்தக் காற்றில் காட்டினார். பாட்டி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினார். குழந்தைக்கு வேறொரு குழாய் மாட்டினோம். 84, 88... அரை மணி நேரத்தில் 93. பைபிள் சொல்லித்தரக் கற்ற மொழி அந்த ராத்திரி ஒரு குழந்தைக்கு மூச்சு கொடுத்தது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இன்று நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

காலையில் போனபோது பாட்டி கட்டில் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை மெஷின் மேல் இருந்தது. அந்த அமெரிக்கர் வெளியே குழாயடியில் இன்னொரு மெஷினின் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். செம்மண் கரைந்து ஓடியது. "ஃபுண்டி வருவதற்குள் காய்ந்துவிட வேண்டும்" என்றார்.