'இம்யூன் இவேஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

ஆய்வு மாணவி, கொழிஞ்சாம்பாறை:
அனைவருக்கும் வணக்கம். பரவும் புற்றுநோய்ச் செல்கள் நோயெதிர்ப்பாற்றலிடம் எப்படித் தப்புகின்றன என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. வெள்ளிக்கிழமை இங்குள்ள தமிழ்வழி பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும். 'நோயெதிர்ப்புத் தப்பல்' என்று எழுதினேன், உயிரே இல்லை. நல்ல சொல் வேண்டும்.

தமிழாசிரியர், நகரி:
'கரவு' இருக்க வேறு எதற்கு? "களவறிந்தார் நெஞ்சில் கரவு" (குறள் 288). மறைவும் வஞ்சமும் ஒரே சொல்லில். கூடவே, 'செல்' வேண்டாம் அம்மா, 'உயிரணு' என்று எழுதுங்கள்.

மருத்துவர், பாலக்காடு:
கரவு பாதிதான் பொருந்தும் ஐயா. செல்லுக்குள் இருப்பதை வெளியே காட்டும் எம்எச்சி மூலக்கூறுகளைக் குறைத்துக்கொண்டு, நோயைத் தாக்கும் வெள்ளணுவான டி செல்லின் கண்ணில் படாமல் இருப்பது கரவு. பிடி-எல்1 என்ற புரதத்தைத் தாங்கிய புற்றுநோய்ச் செல்லோ ஒளிவதே இல்லை. எதிரே நின்று, டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தைப் பற்றி அதை அடக்கிவிடுகிறது. இத்தகைய தடைகளை நீக்கும் சிகிச்சைக்கு வழிகண்டதற்காகவே 2018இல் ஆய்வாளர்கள் அலிசனும் ஹோஞ்சோவும் மருத்துவ நோபல் பெற்றார்கள். பிடி-1ஐ 'செக்பாயின்ட்' என்றே துறையில் சொல்கிறோம். வாளையார் சோதனைச்சாவடியையும் வரி ஏய்ப்பையும் அறிந்த ஊரில் 'ஏய்ப்பு' உடனே புரியும்.

மூணாறு வாசகர்:
மலையாளத்தில் 'நிகுதி வெட்டிப்பு' என்பார்கள்; ஏய்ப்பு அதைவிட அழகு. தொல்காப்பிய உவமவியலில் 'ஏய்ப்ப' ஓர் உவம உருபு. ஏய்தல் என்றால் ஒத்தல். பகை நம்மைப் போலவே தோன்றி ஏய்க்கிறது!

நகரி:
ஒத்தல் வேறு, வஞ்சித்தல் வேறு. இரண்டுக்கும் ஒரே வேர் என்பதற்குச் சான்று காட்டுங்கள். புணர்த்திப் பார்த்தீர்களா? 'நோயெதிர்ப்பேய்ப்பு.' நடுவில் பேய் நிற்கிறது. பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

மருத்துவர்:
பிரித்தே எழுதலாம். வகுப்பில் புரிவதுதான் முதன்மை.

மாணவி:
ஒரு சிக்கல். எம்எச்சியை இழந்த செல்லை என்கே செல்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் இனம்கண்டு கொல்லும். இரத்தத்தில் அது தட்டணுக்களைப் போர்த்திக்கொண்டால் என்கே செல்களிடமிருந்தும் தப்பலாம். இது எதில் சேரும்?

மூணாறு:
ஏய்ப்பில்தான். போர்வையும் வேடம்தானே.

மாணவி:
பெரும்பாலோர் விருப்பப்படி 'நோயெதிர்ப்பு ஏய்ப்பு' என்றே வைத்துக்கொள்கிறேன். 'செல்' அப்படியே இருக்கட்டும் ஐயா, பாடநூலில் பிள்ளைகள் படிப்பது அதுதான்.

நகரி:
வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. எனக்கு உடன்பாடில்லை. போர்த்திக்கொண்டு போவது கரவுதான்.