ரிஷிகேஷ் ராஃப்டிங்: நீச்சல் தெரியாதவர்கள் எங்கே ஏறலாம்?

தல்லாகுளம் கோமதி:
ஏப்ரல் கடைசியில் பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் ஹரித்துவார், ரிஷிகேஷ் போகிறோம். கங்கையில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போகும் ராஃப்டிங் போயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் நீச்சல் தெரியாது. பிரம்மபுரி 9 கி.மீ., ஷிவ்புரி 16, மரைன் டிரைவ் 26, கௌடியாலா 36 என்று, ஏறும் இடமும் ஆற்றில் போகும் தூரமுமாக ஏஜென்ட் பட்டியல் அனுப்பியிருக்கிறார். எதை எடுப்பது?

ரூர்க்கிவாசி:
கோமதி அக்கா, நான் இங்கே ரூர்க்கியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கங்கைக்குக் கூட்டிப்போவது நான்தான். உங்களுக்கு ஷிவ்புரி சரியாக இருக்கும்.

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நடுவில் என்ன ரேபிட், அதாவது ஆறு நுரைத்துச் சீறிப் பாயும் இடம், வருகிறது என்று பாருங்கள். கௌடியாலாவில் ஏறினால் டேனியல்ஸ் டிப், தி வால் இரண்டையும் கடக்க வேண்டும். தி வால் நான்காம் கிரேடு; எண் கூடக்கூட ரேபிட் கடுமையாக இருக்கும். தண்ணீர் மிரட்டினால் ஆட்களை இறக்கிக் கரையோரமாக நடக்க விட்டுவிடுவார்கள். மரைன் டிரைவிலிருந்து வந்தால் த்ரீ பிளைண்ட் மைஸ், கிராஸ் ஃபயர். ஷிவ்புரிக்குக் கீழே ரோலர் கோஸ்டரும் கோல்ஃப் கோர்ஸும்தான் பெரியவை, மூன்றாம் கிரேடை ஒட்டியவை. தலையோடு நனைவீர்கள், கத்துவீர்கள், போதும் போதும் என்றிருக்கும். அதைத் தாண்டியதும் ஆறு அமைதியாகிவிடும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, பச்சைத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளை மணல். அந்த இடத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். எத்தனை முறை போனாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

நீச்சலை விட லைஃப் ஜாக்கெட்தான் முக்கியம். பட்டைகளை இறுக்கிய பிறகு, பின்னால் நின்று தோள்பட்டை இரண்டையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். “எல்லாம் சரியாகத்தான் இருக்கு மேடம்” என்று அவசரப்படுத்துவார்கள். அசையாதீர்கள்.

தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். முட்டியளவு ஆழம்தான் என்று தெரிந்தாலும் ஓட்டத்தில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் ஓட்டம் ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். இன்னொன்று, துடுப்பின் மேல்முனையில் இருக்கும் பிடியை ஒரு கை மூடியே இருக்கட்டும். விட்டால் பக்கத்து ஆளின் பல்லில்தான் போய் இடிக்கும்.

கோவை ப்ரியா:
என் மாமியாருக்கும் நீச்சல் தெரியாது, ஷிவ்புரியில்தான் ஏறினோம். நடுவில் கைடு எல்லாரையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கச் சொல்வார். அது கட்டாயம் இல்லை, அத்தை ராஃப்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, மாற்றுத்துணி அவசியம்.

தல்லாகுளம் கோமதி:
ரொம்ப நன்றி தம்பி, ப்ரியா. பையனுக்கு 15 வயது, கண்ணாடி போடுவான். கைடு இந்தியில் சொன்னால் எங்களுக்குப் புரியாதே?

ரூர்க்கிவாசி:
14 ஆகியிருந்தால் ஏற்றுவார்கள் அக்கா. வயதுச் சான்றுக்கு ஆதாரை எடுத்துப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் கயிறு ஒன்று மதுரையிலேயே வாங்கிவிடுங்கள்.

மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன், ஆற்றில் அவ்வளவுதான் பேச்சு. ‘கெட் டவுன்’ காதில் விழுந்ததும் ராஃப்டின் உள்ளே குனிந்து உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் வைத்தே நான்கையும் செய்து காட்டச் சொல்லுங்கள். விளக்கமே சொல்லாமல் ராஃப்டைத் தள்ளப் பார்க்கிற ஆளோடு ஏறாதீர்கள், பணம் கட்டியிருந்தாலும் சரி. கூடவே பாதுகாப்புக் கயாக் (விழுந்தவர்களுக்கு உதவ வரும் ஒற்றை ஆள் சிறுபடகு) வருகிறதா என்றும் முன்பதிவின்போதே கேளுங்கள்.

சனி, ஞாயிறு வேண்டாம். டெல்லிக் கூட்டம் மொத்தமும் இங்கே வந்துவிடும், ஹரித்துவாரிலிருந்து ரிஷிகேஷ் வருவதற்கே பாதி நாள் போய்விடும். செவ்வாய், புதனில் காலை முதல் ராஃப்டைக் கேளுங்கள்.