ரயிலில் திரிந்த பெரியம்மா

வாழையிலையைத் தணலில் வாட்டும் வாசனை வந்தால், பெரியம்மா எங்கோ கிளம்புகிறாள் என்று அர்த்தம். வாட்டிய இலையில் நல்லெண்ணெய் மினுங்கும் புளியோதரை, தனிப் பொட்டலத்தில் மோர்மிளகாய். சோற்றை அகலத் தட்டில் நன்றாக ஆறவிட்ட பிறகுதான் புளிக்காய்ச்சல் சேர்ப்பாள். "சூட்டோட கட்டினா மறுநாளே நூல் விட்டுரும்ட்டி" என்பாள்.

தென்காசிக்காரிக்கு முதல் காதல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ், அதாவது குறுகிய தண்டவாளத்து ரயில். பகவதிபுரம் தாண்டிக் குகை வரும்போது என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொள்வாள். அவள் மட்டும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி வருவாள். மலையேற்றத்தில் பின்னாலிருந்து இன்னொரு இன்ஜின் தள்ளும். கழுதுருட்டிக்குப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகையில் கண் கண்ணாக எண்ணுவோம். 2010 செப்டம்பரில் அந்த மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினபோது இரண்டு நாள் அவள் சரியாகப் பேசவில்லை.

அப்புறம்தான் பெரிய ஆசை வந்தது. கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 2011 கடைசியில் ஓட ஆரம்பித்திருந்தது. 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் கூடுதலான பயணம். அறுபது வயதில் தனியாகவா என்று வீடே எதிர்த்தது. "சரி, அப்ப நீங்களும் வாங்க" என்றாள். யாரும் வரவில்லை. என்னைத்தான் கூட்டிப் போனாள்.

காட்பாடியில் ஒரு அசாம் அம்மா ஏறினார். வேலூரில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். பெரியம்மாவின் புளியோதரையை ஒரு வாய் போட்டதும் முகம் மலர்ந்து "தெங்கா! தெங்கா!" என்றார். பெரியம்மா சட்டென்று தேங்காய்ப் பொடி டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர் தலையை ஆட்டி, நாக்கைச் சப்புக்கொட்டி, மறுபடியும் "தெங்கா" என்றார். அசாமியாவில் அது புளிப்பாம். அரை மணி நேரம் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருவருக்கும் மற்றவர் பாஷை தெரியாது.

இறங்கும்போது அவர் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். கறுத்துச் சுருங்கிய காய்ந்த பழத் துண்டுகள், பெயர் தெக்கேரா. பெரியம்மா மோந்து பார்த்தாள், ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். "ஏட்டி, இது நம்ம கொடம்புளிக்குத் தங்கச்சி!" உண்மையில் மீன் குழம்புக்குப் போடும் கொடம்புளியும் இதுவும் ஒரே குடும்பத்து மரங்கள்தான். புத்தகம் பார்த்து நான் தெரிந்துகொண்டதை அவள் நாக்கு முதலிலேயே சொல்லிவிட்டது.

ஊருக்கு வந்து அதைப் போட்டு ரசம் வைத்தாள். இரண்டு முறை சரியாக வரவில்லை, புளிப்பு தூக்கலாகிவிட்டது. மூன்றாவது முறை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் சேர்த்தாள். அந்த ரசத்துக்கு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னும் நாலு துண்டு தெக்கேரா கிடக்கிறது.